யோனா மாஸ்டரின் எதிராளி

யோனா மாஸ்டர் நாற்பத்தோரு வருஷமாக யாரை அடித்துக்கொண்டிருந்தாரோ அந்த ஆள், ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு, கச்சான் காற்று மணலை வாரி வாரி வீசிக்கொண்டிருந்த நேரத்தில், அவருக்கு எதிரே மூன்று எட்டுத் தள்ளி வந்து நின்று, குனிந்து வணங்கி, வலது கையை மடக்கி அவர் நெஞ்சை நோக்கிக் குத்தி, பதிலுக்கு அடி வாங்கி, விழுந்து, எழுந்து, மறுபடியும் குனிந்து வணங்கியபோது, புன்னைத்துறையில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்துவிட்டு நான் செய்தது, மிச்சமிருந்த ஐஸ் கட்டிகளை வண்டியில் ஏற்றி முடித்தது. படகுகள் ஐந்தரைக்குப் புறப்படும். யார் வந்தாலும் வராவிட்டாலும் ஐஸ் உருகும்.

என் பெயர் இன்னாசி. ஐஸ் கம்பெனி இன்னாசி என்றால் கடற்கரையில் நாய்கூட வழி காட்டும். என் கம்பெனியின் தெற்குச் சுவரும் மாஸ்டர் வீட்டு முற்றத்தின் வடக்குச் சுவரும் ஒன்றே. ஐஸ் ஏற்றுகிற மேடையில் நின்றால் அந்த முற்றம் முழுதும் கண்ணுக்குள் இருக்கும். முன்பு இறால் உரிக்கிற கொட்டகை நின்ற இடம் அது. கொட்டகை போய்விட்டது, சிமெண்டுத் தளம் மட்டும் இருக்கிறது, அதன் மேல் நாற்பத்தோரு வருஷமாக ஒரே மனிதரின் வெறுங்கால் போய் வந்து, போய் வந்து, ஆடு மேய்ந்த தடம்போல ஒரு வழுக்கைப் பாதை விழுந்திருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் நினைத்ததெல்லாம், யாரோ வடக்கத்தி ஆள், வேலைக்கு வந்தவன், மாஸ்டரிடம் கராத்தே படிக்கச் சேர்ந்திருக்கிறான் என்பதுதான். பாவம், மூன்று மாதத்தில் ஓடிவிடுவான் என்றும் நினைத்தேன்.

மாஸ்டருடைய பெயர் யோனாமினே. ஜப்பானுக்குத் தெற்கே ஓகினாவா என்ற தீவில் பிறந்தவர். எங்கள் இறாலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஜப்பான் கம்பெனி, இறாலின் தரம் பார்க்க அவரை முப்பத்தேழு வயதில் இங்கே அனுப்பியது. ஒரு கை இறாலை அள்ளிப் பார்த்து, கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று அவர் சொன்னால் தராசு வெட்கப்படும். கடல் வழியாக வந்தவர், மீன் நாற்றம் அடிக்கிறவர், யாரோடும் சேராமல் தனியே இருப்பவர். மீன் வயிற்றிலிருந்து கரையேறிய வேதப் புத்தகத்து யோனாவை அறிந்த ஊர் வேறு என்ன செய்யும், பெயரின் வாலை நறுக்கிவிட்டு யோனா மாஸ்டர் என்றது. ஆறு வருஷத்தில் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போனது. மாஸ்டர் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். அவர் தமிழ் ஒவ்வொரு சொல்லாகத் துடைத்து எடுத்து வைக்கிற தமிழ். "என் ஊர் இல்லை," என்றார். "என் ஊர் இருந்த இடத்தில் விமானம் இறங்குகிறது." பிறகு ஒருநாள், கட்டா என்றால் என்ன என்று விளக்கியபோது, அந்தப் பதிலின் மிச்சப் பாதி எனக்குக் கிடைத்தது. கட்டா என்பது இல்லாத எதிராளியோடு போடுகிற சண்டை. இத்தனை அடி, இத்தனை தடுப்பு, இத்தனை திரும்பல் என்று முன்னோர் வகுத்து வைத்தது, ஒன்று கூடாது ஒன்று குறையாது. எந்த இடத்தில் தொடங்கினோமோ அதே இடத்தில் வந்து முடிய வேண்டும். ஒரு விரல் தள்ளி முடிந்தாலும் எங்கோ தப்பு. தொடங்கிய இடமே உலகத்தில் இல்லாமல் போன ஒரு மனிதர், தினமும் விடிகாலையில் எங்கள் ஊர் சிமெண்டுத் தரையில் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

பதினேழு வயதில், அவர் தீவில், ஆமை ஓடுபோல் முதுகு வளைந்த கல்லறைகளுக்கு நடுவே, அவருடைய குரு மூன்று வருஷம் அவருக்கு ஒரே ஒரு கட்டாவைச் சொல்லிக்கொடுத்து மூன்று கட்டளை இட்டாராம். எதிராளி உண்மையிலேயே நிற்கிறான் என்று நம்பிச் செய், நம்பாமல் செய்தால் அது கூத்து. அவன் முகத்தைப் பார்க்காதே, முகம் ஏமாற்றும், நெஞ்சைப் பார். முதல் அடி உன்னுடையது அல்ல. அவன் அடித்த பிறகுதான் உன் கை எழ வேண்டும். இந்த மூன்றையும் மாஸ்டர் ஒருநாள்கூடத் தவறாமல் காத்தார். காய்ச்சலில் செய்தார், புயலில் செய்தார், கடல் ஊருக்குள் வந்துபோன மறுநாள், தளத்தின் மேல் கிடந்த செத்த மீன்களை ஒதுக்கிவிட்டுச் செய்தார்.

ஊரில் அவரிடம் படித்தவர்கள் உண்டு. ஆனால் மூன்று வருஷம் ஒரே கட்டா என்றால் எவனுக்குப் பொறுமை இருக்கும்? பக்கத்து ஊர் மாஸ்டர் எட்டே மாதத்தில் கறுப்பு பெல்ட் கொடுத்தார், வயிற்றின் மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றிக் காட்டினார், தலையால் ஐஸ் கட்டி உடைத்தார். அந்த ஐஸ் என் கம்பெனி ஐஸ். நடுவில் ரம்பம் போட்டு வைத்துத்தான் கொடுப்பேன். தொழில் தர்மம் கருதி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கூட்டம் அங்கே போனது. யோனா மாஸ்டரின் முற்றத்தில் அவரும் காற்றும் மிஞ்சினார்கள்.

அந்தக் காற்றுதான் செவ்வாய்க்கிழமை ஆளாக வந்து நின்றது. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். எங்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும். காற்று என்ன அம்மியைவிடப் பெரிய ஆளா?

கட்டா முடிந்ததும் மாஸ்டர் வழக்கம்போல வீட்டுக்குள் போய்விட்டார். அந்த ஆள் போக இடம் இல்லாமல் முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்து என் மேடைப் படியில் உட்கார்ந்தான். நாற்பது வயது இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரின் முகம் மறுநாள் நினைவுக்கு வருமா, அப்படி ஒரு முகம். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, நாளைக்குச் சீனி கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லுங்க," என்றான்.

"நம்ம ஊரு பேச்சு நல்லா வருதே உனக்கு," என்றேன்.

"நாப்பத்தோரு வருசமா இந்தச் செவத்துக்கு அங்கிட்டுதான நிக்கேன். நீங்க லோடுமேன்கள ஏசுனது அம்புட்டும் எனக்கு மனப்பாடம்," என்றான்.

அப்போதுதான் எனக்கு ஆள் யாரென்று புரிந்தது. புரிந்ததும் ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஊர் அவனை எடுத்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். பெயர் இல்லையே என்றபோது, ஆண்டவரின் சிலுவைப் பாரத்தை நடுவழியில் தோளில் வாங்கிக்கொண்டவனின் பெயராக இருக்கட்டும் என்று சீமோன் என்று வைத்தார்கள். நினைப்பில் பிறந்தவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று பங்குச்சாமி ஆயருக்குக் கடிதம் எழுதினார், பதில் வருவதற்குள் பொறுமை போய், பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றிவிட்டார். கிராம அதிகாரி பிறந்த ஊர் என்ற கட்டத்தில் புன்னைத்துறை என்று எழுதினார், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆதார் எடுக்கிற இயந்திரம் அவன் விரலை முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டது. இயந்திரமே ஒப்புக்கொண்ட பிறகு மனிதர்கள் தகராறு செய்து என்ன ஆகப்போகிறது. பகலில் எனக்கு ஐஸ் உடைத்தான், சாயங்காலம் கிழிந்த வலை பொத்தினான், சப்பரம் தூக்க ஆள் குறைந்தால் தோள் கொடுத்தான், சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு முகம் சுளிக்காமல் எழுந்து போனான். பிள்ளைகள் அவனை எதிரி மாமா என்று கூப்பிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் அவனை உறவு சொல்லி அழைக்காத வீடு ஊரில் இல்லை. நாற்பத்தோரு வருஷம் இங்கே வாழ்ந்த மாஸ்டரை உறவு சொல்லி அழைத்த வீடு ஒன்றுகூட இல்லை என்பது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

விடிகாலை மட்டும், எங்கே இருந்தாலும், என்ன வேலையானாலும், ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முகம் கழுவிக்கொண்டு, "டூட்டிக்குப் போயிட்டு வாரேன்," என்று கிளம்பிவிடுவான். போய், வணங்கி, குத்தி, இருபத்தாறு அசைவுக்கும் வாங்க வேண்டிய அடியை வாங்கிக்கொண்டு வருவான்.

அவன் உடம்பைப் பார்த்து முதலில் அழுதவள் சலேத்தம்மாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், முற்றத்துக்குத் தென்புறத்து வீட்டுக்காரி. சட்டையைக் கழற்றச் சொன்னாள். இடது விலாவில், வலது மணிக்கட்டில், தொண்டைக் குழிக்குக் கீழே, முழங்காலின் உட்பக்கத்தில், அச்சடித்த மாதிரி தினமும் அதே இடங்களில் அடி. பழைய நீலத்தின் மேல் புது நீலம், அதன் மேல் இன்றைய சிவப்பு. உப்புப் போட்ட வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் ஐந்தேகாலுக்கு வெந்நீரோடு தயாராக இருப்பாள், கட்டா முடிகிற சத்தம் கேட்டதும் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மாஸ்டர், அந்த விலாவுல கொஞ்சம் மெதுவா அடிங்கன்னு எத்தன தடவ சொல்லுதது?" என்று கத்துவாள். மாஸ்டர் அவள் பக்கம் திரும்பி, ஒரு தடவை தலையைக் குனிந்துவிட்டு உள்ளே போவார். அதுதான் பதில். மறுநாள் அடி அதே அடியாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு, சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. கடல் உள்ளே வந்த வருஷம், ஊரெல்லாம் சோறின்றிக் கிடந்தபோது, சலேத்தம்மாள் அந்தச் சுவருக்கு மேலாக மாஸ்டருக்கு மீன்குழம்பு கொடுக்க ஆரம்பித்து, ஒரு வருஷம் கொடுத்தாள். பாத்திரம் ஒருநாளும் வெறுமனே திரும்பியதில்லை. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு எலுமிச்சம்பழமோ ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோ வைத்துத்தான் வரும். அந்த ஒரு வருஷத்தில் அவர் அவள் வாசற்படி ஏறவில்லை, அவளும் வாங்க என்று சொல்லவில்லை. ஊர் வாய் காத்துக்கொண்டிருந்தது, ஒன்றும் அகப்படவில்லை. பிறகு குழம்பு நின்றது. ஏன் நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

"வலிக்கலையா எய்யா?" என்று ஒருநாள் அவள் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"வலிக்கத்தான் செய்யுது," என்றான் சீமோன். "ஆனா நான் குத்துனதும் அவிய என் கையத் தடுத்துப் பிடிப்பாவ பாருங்க, அந்தப் பிடிய நீங்க பாத்ததில்ல அக்கா. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்கு அவிய கை சூடா இருக்கும். நாள் முழுக்க அவியள யாரு தொடுதா, சொல்லுங்க."

சலேத்தம்மாள் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தாள். மறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டியில் எழுந்து பேசினாள். ஊராகிப்போன ஒருவனை ஊர் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் தினமும் அடிப்பது என்ன நியாயம் என்று கேட்டாள். கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸ் பர்னாந்து, மூன்று விசைப்படகின் சொந்தக்காரர், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மாஸ்டரிடம் போனார். நானும் போனேன்.

"மாஸ்டர், நீங்க பெரியவிய. எங்க பிள்ள மாதிரி ஒருத்தன இப்படி அடிக்கீயளே, இது நல்லாருக்கா?" என்றார் தஸ்நேவிஸ்.

மாஸ்டர் கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். "அவர் அடிக்கிறார். நான் தடுக்கிறேன்," என்றார்.

"அப்ப அவன வரவேண்டாம்னு சொல்லிருங்க."

"நான் கூப்பிடவில்லை. கூப்பிடாதவரை எப்படி வேண்டாம் என்று சொல்வது?"

பதில் தெரியாத கேள்வியைக் கமிட்டிகள் எப்படித் தீர்க்குமோ அப்படியே நாங்களும் தீர்த்தோம்: மாஸ்டருக்குத் தெரியாமல் ஒரு தீர்மானம் போட்டோம். மாதா கோவில் திருவிழாக் கொடியேற்றத்தன்று, ஒரே ஒருநாள், சீமோன் போக வேண்டாம். ஒருநாள் விட்டால் பழக்கம் விடும்; மாஸ்டர் பழையபடி காற்றோடு சண்டை போட்டுக்கொள்வார், நாற்பத்தோரு வருஷம் போட்டவர்தானே. எங்களுக்கு அப்போது இவ்வளவுதான் புத்தி இருந்தது. கேலி செய்ய ஆள் தேடிப் போக வேண்டியதில்லை, அந்தக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவனே நான்தான்.

கொடியேற்றத்தன்று நாலரை மணிக்கே சலேத்தம்மாள் சீமோனை வீட்டுக்குக் கூப்பிட்டு, இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்து, அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நா ஒன் ஒடம்பு ஆறட்டும் எய்யா," என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். அவன் கதவை இடிக்கவில்லை, கத்தவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம்.

ஐந்து மணிக்கு மாஸ்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, இழை இழையாய் நைந்துபோன கறுப்பு பெல்ட். தன் இடத்தில் நின்றார், குனிந்து வணங்கினார், இரண்டு முஷ்டியையும் இடுப்புக்கு முன்னால் கொண்டுவந்து தயார் நிலையில் நின்றார். நின்றார். நான் முதல் வண்டியை ஏற்றி முடித்தேன், அவர் நின்றார். இரண்டாவது வண்டியும் போனது. கிழக்கே வெளுத்து, காக்கைகள் இறங்கி, கோவில் மணி அடித்து ஓய்ந்து, திருவிழாவுக்கு வந்த வாத்தியக்காரர்கள் தெருமுனையில் தோல் காய வைத்து மேளத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டபோதும் அவர் அதே இடத்தில், அதே முஷ்டியோடு, எதிரே மூன்று எட்டுத் தூரத்தில் ஒரு ஆளின் நெஞ்சு இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. முதல் அடி அவருடையது அல்ல. எதிரே இருப்பவன் அடித்தாலொழிய அவர் கை எழாது. அப்படியானால் இத்தனை வருஷம் வெறும் காற்று அடிப்பதாக நினைத்துத் தடுத்தாரே, இன்றும் அப்படி நினைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம், நானும் அதைத்தான் அவரிடம் சுவர் ஏறிக் குதித்துப் போய்க் கேட்டேன்.

"நினைக்க முடியவில்லை," என்றார், பார்வையை எடுக்காமல். "ஒருநாளும் வராதவரை நினைக்கலாம். ஒருமுறை வந்தவரை நினைக்க முடியாது. வரவில்லை என்பதுதான் தெரிகிறது."

எழுபத்தொன்பது வயது மனிதர் அதைச் சொன்ன விதத்தில் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை அவர் தனியாக இருந்தார், ஆனால் தனியாக இருப்பது அவருக்குத் தெரியாது. எங்கள் நல்ல மனசால் நாங்கள்தான் அன்றைக்கு அதை அவருக்குக் காட்டிக்கொடுத்தோம்.

சூரியன் ஏறியது. கொடி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வந்து, முற்றத்து வாசலில் நின்று, அப்புறம் நகரவில்லை. யாரோ அவர் தலைக்கு மேல் குடை பிடித்தார்கள். பங்குச்சாமி தண்ணீர் நீட்டினார், அவர் வாங்கவில்லை. தஸ்நேவிஸ் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. பத்து மணிக்கு அவர் முழங்கால்கள் நடுங்குவதைக் கூட்டம் முழுதும் பார்த்தது. விழுந்தால் எழமாட்டார், விழும்வரை நகரமாட்டார் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது.

சலேத்தம்மாள் செம்பில் மோரோடு வந்தாள். "மாஸ்டர், உக்காருங்க. ஒரு வருசம் என் கைக் குழம்பச் சாப்பிட்டியள்ளா, அந்த உரிமையில சொல்லுதேன்," என்றாள்.

"தொடங்கவில்லை அம்மா," என்றார் அவர். "தொடங்காததை எப்படி முடிப்பது?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பார்வை நெஞ்சுயரத்தில் இல்லை என்பதை அவள்தான் கவனித்தாள். அது மெல்ல மெல்ல விலகி முற்றத்துக் கதவுக்குப் போய், சட்டென்று தப்புச் செய்தவர்போலத் திரும்பி வந்து, மறுபடியும் கதவுக்குப் போனது. ஆறு மணி நேரத்தில் எத்தனை தடவை போனதோ. சலேத்தம்மாள் செம்பை என் கையில் திணித்துவிட்டு, அறுபத்தாறு வயதுக்காரி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினாள். பூட்டு திறக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

சீமோன் வந்தான். வாசல் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், மூன்று எட்டுத் தள்ளி நின்றான். குனிந்தான். மாஸ்டரும் குனிந்தார். பிறகு அவன் அடித்தான். இரக்கப்பட்டு மெதுவாக அடித்திருந்தால் அதைப்போல ஒரு அவமரியாதை இருந்திருக்காது. அவன் முழுப் பலத்தோடு, அந்தக் கிழட்டு நெஞ்சைப் பிளக்கிறவன்போல அடித்தான், கூட்டத்தில் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், மாஸ்டரின் கை எழுந்து அந்தக் குத்தைத் தடுத்து, மணிக்கட்டைப் பற்றி, சீமோன் சொன்ன அந்த ஒரு நொடி பிடித்திருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அது ஒரு நொடியைவிடக் கொஞ்சம் அதிகம்.

இருபத்தாறு அசைவும் நடந்தன. நடுங்கிய முழங்கால்கள் நடுங்கவில்லை. தொடங்கிய இடத்தில், ஒரு விரல் பிசகாமல், அவர் வந்து நின்றார். கடைசி வணக்கத்திலிருந்து நிமிர்ந்தபோது, குருவின் சொல்லை அறுபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மீறி, கண்ணை உயர்த்தி எதிராளியின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தாமதம்," என்றார்.

"மன்னிச்சுக்கிடுங்க. கதவு பூட்டியிருந்துச்சு," என்றான் சீமோன்.

சலேத்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷம் கொடி பதினொன்றரைக்கு ஏறியது.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. கட்டா முடிந்ததும் மாஸ்டர் உள்ளே போகாமல், சீமோனோடு என் மேடைப் படியில் வந்து உட்கார்ந்து டீ குடித்தார். சலேத்தம்மாள் சுவருக்கு மேலிருந்து திட்டுவாள், மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை தலை குனிவார். இப்படி இரண்டு வருஷம் போனது. பிறகு மழைக்காலத்து ஒரு புதன்கிழமை, கட்டாவை முடித்து, வணங்கி, டீயைப் பாதி குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்தவர் எழவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே, கடல் தெரிகிற மூலையில் அடக்கம் செய்தோம். வேதக்காரர் இல்லையே என்று பங்குச்சாமியே கேட்கவில்லை.

அடக்கத்தில் எல்லோருடைய கண்ணும் சீமோன் மேல்தான் இருந்தது. நினைத்தவர் போன பிறகு நினைப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? மண் போட்டு முடிவதற்குள் காற்றாகிவிடுவான் என்று சிலர், ராத்திரி தாண்டமாட்டான் என்று சிலர். அவன் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு என் கம்பெனியில் வந்து படுத்தான்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முகம் கழுவினான். நான் தடுக்கவில்லை, பூட்டின கதவு படுத்திய பாடு போதும். வெறும் முற்றத்தில் தன் இடத்தில் நின்றான், குனிந்தான், முழுப் பலத்தோடு குத்தினான். குத்திய கை பாதியில் விலகி, ஒரு நொடி அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு தோள் திரும்பியது, கழுத்து பின்னுக்குப் போனது, முழங்கால் மடிந்தது, விழுந்தான், எழுந்தான். இருபத்தாறும் முடிந்து குனிந்து வணங்கிவிட்டு, வந்து என் படியில் உட்கார்ந்தான்.

பழக்கதோஷம் என்றுதான் நானும் நினைத்தேன். சலேத்தம்மாள் வெந்நீரோடு வந்து அவன் சட்டையைத் தூக்கினாள். இடது விலாவில், வழக்கமான இடத்தில், நேற்றைய நீலத்தின் மேல், சுடச்சுட ஒரு சிவப்பு. விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது அக்கா," என்றான் அவன். அடக்கத்தில் அழாதவன் அப்போது அழுதான்.

அவள் எழுந்து, ஒத்தடத் துணி கையில் இருக்க, என் பக்கத்துச் சுவரோரம் போய் வழக்கம்போலத் தலையை நீட்டினாள். "மாஸ்டர், அந்த விலாவுல கொஞ்சம் மெதுவா அடிங்கன்னு எத்தன தடவ சொல்லுதது?" என்றாள். குரல் பாதியில் இறங்கிப் போனது. சிமெண்டுத் தளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது, அந்த வழுக்கைப் பாதையில் மட்டும் ஈரம் கலைந்திருந்தது. அங்கே அவள் பக்கம் திரும்பித் தலை குனிய யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையிலிருந்த துணி ஆறிப்போகும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.